ஆர்க்பார்ஸ் போதும் மச்சான்

பைத்தனில் ஒரு சின்னக் கட்டளைவரிக் கருவி எழுத வெளிக்கிட்டா, முதல் வரிக்கு முன்னமே சண்டை தொடங்கிவிடும்: ஆர்க்பார்ஸா, கிளிக்கா, டைப்பரா?

இது கணினித்துறைப் பெடியளின்ர பிரச்சினை மட்டும் இல்லை. கலைப்பீடத்தில இருக்கிற நாங்களும் பழைய சஞ்சிகைகளைத் தட்டச்சு செய்து வைச்சு, ஒரு சொல் எந்த இதழில எத்தனை தரம் வருது எண்டு எண்ணத்தான் செய்யிறம். கறுப்புத் திரையில கோப்பின்ர பெயரையும் தேடுற சொல்லையும் அடிச்சா விடை வரவேணும். அடிச்சதைப் பிரிச்சு நிரலுக்கு விளங்கப்படுத்துறதுதான் இந்த லைப்ரரிகளின்ர வேலை.

கிளிக் 2014இல் வந்தது. ஃபங்ஷனுக்கு மேல ரெண்டு டெக்கரேட்டர் போட்டா வேலை முடிஞ்சுது. டைப்பர் 2019இல், கிளிக்கை அடித்தளமா வைச்சு வந்தது. அதில டைப் குறிச்சாலே காணும். எழுத ஆசையாத்தான் இருக்கும். பக்கத்தில வைச்சுப் பார்த்தா ஆர்க்பார்ஸ் கொஞ்சம் நீட்டி முழக்கும்.

எண்டாலும் என்ர வாக்கு ஆர்க்பார்ஸுக்குத்தான். பைத்தன் 2.7, 3.2 பதிப்புகளில இருந்து அது பைத்தனோடயே சேர்ந்து வருது. பிப் தேவையில்லை, டேட்டா தேவையில்லை, லாப் கணினியில நிறுவ அனுமதி கேட்டு நிற்கவும் தேவையில்லை. ஒரே கோப்பைப் பென்டிரைவில குடுத்தா, பைத்தன் இருக்கிற கணினியில ஓடும்.

எழுதுறவருக்கு நேரம் மிச்சம் எண்டு கிளிக் ஆக்கள் சொல்லுவினம். உண்மைதான். ஆனா எழுதுறது ஒருக்கா, ஓட்டுறது பலதரம், பல பேர். நாங்கள் பட்டம் முடிச்சுப் போன பிறகு ஒரு ஜூனியர் எங்கட எண்ணிக்கை சரியா எண்டு பார்க்க விரும்பலாம். அந்தப் பிள்ளைக்கு நிரல் ஓடாட்டி, எங்கட ஆய்வில இருக்கிற அட்டவணையை நம்புறதைத் தவிர வேற வழி இல்லை. சரிபார்க்க ஏலாத எண்ணிக்கையை ஆய்வு எண்டு சொல்லலாமோ?

கருவி வளர்ந்து, கிட் மாதிரி துணைக்கட்டளைகள் பெருகினா கிளிக்குக்கு மாறுங்கோ, தப்பில்லை. ஆர்க்பார்ஸிலயும் துணைக்கட்டளை வைக்கலாம், ஆனா நிறைய வந்தா சிக்கலாகும். அதுவரைக்கும், எழுத எது சுகம் எண்டு கேட்கிறதுக்கு முதல், இதை ஓட்டப்போறது ஆர், எந்தக் கணினியில எண்டு கேளுங்கோ. லைப்ரரி தானாத் தெரிவாகும்.