பிறர் எழுதிய வகுப்பை நீட்டுவதா? சொந்தத் துணைச் சார்பை எழுதுவதா?



செய்நிரல் எழுதும்போது சொற்களைச் சீராக்குதல், திகதியைக் கணித்தல் போன்ற சிறு வேலைகள் அடிக்கடி வரும். இவற்றுக்கெனப் பிறர் எழுதி வெளியிட்ட பயன்பாட்டு வகுப்புகள் உண்டு. ஜாவா மொழிக்கான அப்பாச்சி கொமன்ஸ் லாங் நூலகத்தின் ஸ்ரிங்யூட்டில்ஸ் அத்தகையது. அதில் இல்லாத ஒரு சார்பு உங்களுக்குத் தேவையெனில், அதிலிருந்து ஓர் உபவகுப்பை ஆக்கலாம். அல்லது தனியாக ஒரு சிறு துணைச் சார்பை எழுதலாம். இரண்டாவது வழியே சிறந்தது என்பது எமது கருத்து. காரணங்கள் வருமாறு:

1. மரபுரிமை வேண்டியதை மட்டும் தருவதில்லை; வேண்டாததையும் சேர்த்தே தரும். ஜாவாவின் ஸ்ரக் வகுப்பைப் பாருங்கள். அடுக்கு ஒன்றில் மேலிருந்தே இடவும் எடுக்கவும் வேண்டும். ஆனால் அவ்வகுப்பு வெக்டரின் வழிவந்ததால், நடுவிலும் ஓர் உறுப்பைச் செருக முடிகின்றது. அடுக்கின் விதியே குலைந்துவிடுகின்றது.

2. மூல வகுப்பு உங்கள் கையில் இல்லை. அதன் அடுத்த பதிப்பில் நீங்கள் இட்ட பெயரிலேயே வேறொரு சார்பு வரலாம். நேற்றுவரை இயங்கிய செய்நிரலில் இன்று வழு தோன்றும்.

3. உங்கள் செய்நிரலை வாசிப்பவருக்கு எது உங்களுடையது, எது நூலகத்தினுடையது என்பது விளங்காது.

ஜோசுவா புளொக் 2001 இல் வெளியிட்ட 'எஃபெக்டிவ் ஜாவா' நூலும் மரபுரிமையிலும் பார்க்கச் சேர்த்தமைத்தலையே பரிந்துரைக்கின்றது.

"அப்படியாயின் எல்லாவற்றையும் நாமே எழுதலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் பொருந்தாது. இலங்கையின் நியம நேரம் 1996 இல் இருமுறையும் 2006 இல் ஒருமுறையும் மாற்றப்பட்டது. எப்போதும் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டும் சார்பு, 2000 ஆம் ஆண்டில் பிறந்த ஒருவரின் பிறந்த நேரத்தைப் பிழையாகவே காட்டும். நேர வலயம், கடவுச்சொல் மறைகுறியாக்கம் என்பவற்றைப் பரீட்சித்துப் பார்க்கப்பட்ட நூலகங்களிடமே விடுங்கள்.

மறுபுறம், 2016 மார்ச்சில் லெப்ட்-பாட் எனும் 11 வரிப் பொதி என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டபோது, அதில் தங்கியிருந்த ஏராளமான செய்திட்டங்களைக் கட்டமைக்க முடியாமற் போயிற்று. பத்து வரியில் முடியும் வேலைக்குப் பிறரில் தங்கியிருக்க வேண்டுமா?

ஆகவே, சிறியதை நீங்களே எழுதுங்கள். பெரியதற்கு நூலகத்தை நாடுங்கள். ஆனால் அதை நீட்டாது, உங்கள் துணைச் சார்புக்குள்ளிருந்து அழையுங்கள். நாளை நூலகம் மாறினாலும் நீங்கள் திருத்த வேண்டிய இடம் ஒன்றாகவே இருக்கும்.