மணலுக்கும் டேப் பிடிக்கணும்

நேத்து கமிட்டிக் கூட்டத்துல எங்களைப் பேச விடல. அதனால இங்க எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

தீமிதிக்கு கோவில் முன்னால மணல் பரப்பணும். போன வருஷம் ஒருத்தர் கண்ணால பாத்தே "ரெண்டு லோரி போதும்" என்றார். ராத்திரி மழை. காலையில செம்மண் சேறு மேல வந்து, பால்குடம் தூக்கின பாட்டி வழுக்கி விழுந்தாங்க. மழை மேல பழியைப் போட்டுட்டோம். இந்த வருஷம் அதே ஆள், அதே கண்ணால பாத்து "பத்து லோரி" என்கிறார். ஏன்னு கேட்டா, "சாமி காரியத்துல கணக்குப் பாக்காதீங்கப்பா."

நாங்க அளந்துட்டோம். 80 அடி நீளம், 45 அடி அகலம், ஆக 3,600 சதுர அடி. ரெண்டு அங்குலத் தடிப்பு வேணும். ரெண்டு அங்குலம்னா அடியில ஆறுல ஒரு பங்கு, அப்போ 600 கன அடி. மிதிபட்டு அமுங்கும், அதுக்கு அஞ்சுல ஒரு பங்கு சேர்த்தா 720. மணல்காரர் மீட்டர்ல பேசினா 35.3 ஆல வகுங்க, 20 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். லோரிப் பெட்டி 10 அடிக்கு 6 அடி, மணல் 2 அடி உயரம் நிக்கும், 120 கன அடி. ஆக ஆறு லோரி. கால்வாய்ப் பக்கம் தாழ்வா இருக்கு, மிஞ்சிப் போனா ஏழு. போன வருஷம் போட்ட ரெண்டு லோரி ஒரு அங்குலத்துக்கே பத்தல.

இன்னொண்ணு. ஈர மணல் பொங்கி நிக்கும், கால் பங்கு வரைக்கும்கூட. ஒரு வாளியில ஈர மணலை ரொப்பி, மூழ்குற மட்டும் தண்ணி ஊத்திப் பாருங்க, மட்டம் இறங்கும். லோரியில குவிஞ்சிருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க.

இது நமக்குப் புதுசா? பகாவ் தோட்டங்கள்ல நம்ம அப்பா அம்மா பால் நிறுக்க வரிசையில நின்னாங்க. தண்ணி கலந்திருக்கான்னு வாளிக்குள்ள மெட்ரோலாக் விட்டுப் பாத்தான். ஒரு ராத்தல் குறைச்சு எழுதினா கிராணிகிட்ட சண்டை போட்டாங்க. அவங்க பிள்ளைங்க நாம, லோரியை எண்ணிக்கூட வாங்க மாட்டோமா?

தமிழ்நாட்டுல மணலை யூனிட்னு விப்பாங்க, ஒரு யூனிட் 100 கன அடி. 2023ல ஐஐடி கான்பூர் ஆளுங்க அங்க ஆத்து மணல் குவாரிகளோட பரப்பையும் ஆழத்தையும் அளந்தாங்க. அனுமதி 4.05 லட்சம் யூனிட்டுக்கு, அள்ளினது 27.70 லட்சம்னு அமலாக்கத்துறை சொன்னது. காகிதத்துல இருந்தது ஒண்ணு, குழியில இருந்தது ஒண்ணு. நம்ம கோவில்ல அந்தக் காகிதம்கூட இல்ல. "மணல் செலவு"னு ஒரே வரி, அவ்வளவுதான்.

உண்டியல்ல விழுறது பென்ஷன் காசு, சிரம்பான்லயும் கிள்ளான்லயும் ஓட்டி நேரம் செஞ்சு பிள்ளைங்க அனுப்புற காசு. மிச்சமாகிற மூணு லோரிக் காசை அன்னதானத்துக்குக் கொடுங்க. மீதி மணலும் சும்மா கிடக்காது, அடுத்த மழையில கால்வாயை அடைக்கும். அப்ப சங்கோல் தூக்கி அள்ளப் போறது நாங்கதான், கமிட்டி இல்ல.

ஞாயிறு காலை 8 மணிக்கு டேப்போட கோவில் முன்னால நிக்கிறோம். பத்து லோரிதான்னு சொல்றவர் வந்து மறுமுனையைப் பிடிக்கட்டும்.