இப்ப ஓடுதுல்ல, விடுங்க

துணி மடிக்கும் ரோபோவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்கு பேர் அதே வீடியோவை அனுப்பியிருந்தார்கள். மனித உருவில் ஒரு ரோபோ டீ-ஷர்ட்டை விரித்து, கைகளை உள்ளே மடக்கி, நீவி, அடுக்கி வைக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம். 2010-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி.ஆர்.2 என்ற ரோபோ துண்டு மடித்த வீடியோ இன்னும் நினைவில் இருக்கிறது. 50 துண்டுகளையும் அது தவறாமல் மடித்தது. ஆனால் ஒரு துண்டுக்குச் சராசரியாக 25 நிமிடம் பிடித்தது. துணி அப்படிப்பட்ட பொருள். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் புதிதாக ஓர் உருவம் எடுத்துக்கொள்ளும்.

வீடியோவை அக்கா மகளிடம் காட்டினேன். கிடங்கில் பெட்டி சுமக்கும் ரோபோக்களுக்கு மென்பொருள் எழுதுகிறவள் அவள்.

“மடிக்கட்டும் சித்தி. எங்க கவலையே வேற. உடைஞ்சு நிக்கிற ரோபோவைச் சரி பண்ணிடலாம். நேத்து நின்னுச்சு, இன்னைக்கு நல்லா ஓடுதுன்னு போன் வரும் பாருங்க, அதுதான் தூங்க விடாது.”

ஒரு ரோபோ தினம் ஒரே திருப்பத்தில் நின்றுவிடுகிறது என்று புகார் வந்ததாம். இவள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நிரலை வரி வரியாகப் படித்தாள். மூன்றாம் நாள் மடிக்கணினியோடு அந்தத் திருப்பத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாலை நாலரைக்கு மேற்குப் பக்க ஷட்டரின் இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்து சரியாக ரோபோவின் கேமராவில் அடித்தது. எதிரே சுவர் இருப்பதாக நினைத்து அது நின்றுவிட்டது. மூன்று நாள் உழைப்புக்குப் பின் ஷட்டரில் ஒரு தார்ப்பாய் கட்டினார்கள். நிரலில் நான்கு வரி மாற்றினாள்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் ஞாபகம் வந்துவிட்டது. அடிக்கடி நின்றுவிடுகிற லிஃப்ட் அது. புதன்கிழமை மறுபடியும் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே இருந்தவர் எதிர்வீட்டுப் பாட்டி, எண்பது வயது. இருட்டில் இருபது நிமிடம். மெக்கானிக் வந்தார், மெயினை அணைத்தார், போட்டார். “இப்ப ஓடுதுல்ல, விடுங்கம்மா” என்றார். பராமரிப்பு நோட்டைப் புரட்டினேன். மூன்று மாதத்தில் ஐந்து தேதிகள், ஐந்துக்கும் எதிரே ஒரே வாசகம்: ‘சரி செய்யப்பட்டது’. எந்த மாடியில், எத்தனை மணிக்கு, ஏறும்போதா இறங்கும்போதா, எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள், ஒன்றுமே இல்லை. பாட்டி இப்போது படியேறுகிறார். எனக்கு அந்த நோட்டின் மேல்தான் கோபம். நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அணைத்துப் போட்டதில் காரணம் போகவில்லை, தடயம்தான் போயிற்று.

செவ்வாய்க் கிரகத்துக்குப் போன பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கதையை இங்கே சொல்லியே ஆகவேண்டும். 1997 ஜூலை 4-ல் தரையிறங்கியது. அது கொண்டுபோன சோஜர்னர் என்ற ஆறு சக்கர வண்டிதான் செவ்வாயில் ஓடிய முதல் ரோபோ. சில நாட்களில் தாய்க்கலத்தின் கணினி தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை மறுநாளுக்குப் போனது.

காரணத்தைக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சொன்னால் சுலபம். உக்கிராண அறைக்கு ஒரே சாவி. எடுபிடிப் பையன் வெற்றிலை எடுக்க அதை வாங்கிப் போயிருக்கிறான். தலைமைச் சமையல்காரருக்கு உடனே அரிசி வேண்டும். சாவி வரட்டும் என்று காத்திருக்கிறார். நடுவே சம்பந்தி வீட்டார் பையனை நிறுத்தி, “தம்பி, காபி கொண்டா, நாற்காலி போடு” என்று வேலை வாங்குகிறார்கள். அவர்கள் பையனுக்குப் பெரியவர்கள், சமையல்காரரைவிட அவசரம் குறைந்தவர்கள். ஆனாலும் அவர்களால் பந்தி நிற்கிறது. பாத்ஃபைண்டரில் வானிலைத் தகவல் சேகரிக்கும் சிறிய பணிதான் எடுபிடிப் பையன். தகவல் பாதையை நிர்வகிக்கும் பணி சமையல்காரர். பெரிய வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்டதும் கணினி எல்லாவற்றையும் அணைத்து முதலிலிருந்து தொடங்கியது. பிரியாரிட்டி இன்வெர்ஷன் என்று இதற்குப் பெயர்.

ஏவுவதற்கு முன்னரே சோதனையில் இந்த ரீசெட் தலைகாட்டியிருக்கிறது. திரும்ப வரவழைக்க முடியவில்லை. தரையிறக்கும் மென்பொருள் பெரிய கவலையாக இருந்ததால் இது பின்னுக்குப் போனது. ஆனால் நடப்பதையெல்லாம் பதிவுசெய்யும் வசதியைப் பொறியாளர்கள் நிரலிலிருந்து எடுத்துவிடவில்லை. பூமியில் இருந்த நகல் கணினியை ஓட்டிக்கொண்டே இருந்து, கோளாறை மறுபடி வரவழைத்து, அந்தப் பதிவைப் படித்துக் காரணத்தைப் பிடித்தார்கள். வேண்டிய தீர்வு அந்த இயங்குதளத்திலேயே ஒரு விருப்பத்தேர்வாக இருந்தது, இயக்கப்படாமல். சாவி கையில் இருக்கும்வரை பையனுக்குச் சமையல்காரரின் அந்தஸ்து. யாரும் அவனை நிறுத்தக்கூடாது. பூமியிலிருந்தே அதை இயக்கினார்கள். ரீசெட் நின்றது.

அந்தத் தீர்வை அலசி 1990-ல் கட்டுரை எழுதியவர்கள் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. ராஜ்குமார் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். 1997 டிசம்பரில் நடந்த ஒரு மாநாட்டில், அந்த இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனத்தின் டேவிட் வில்னர் செவ்வாயில் நடந்ததை விவரித்தார். கட்டுரை எழுதிய மூவரும் அன்று அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். அரங்கம் முழுக்க ஆரவாரம்.