கார் என்ஜினில் 'கணக்கு' மாற்றினால் பெயில்! கலிபோர்னியாவில் கிடுக்கிப்பிடி

காரைச் சீறிப் பாய வைக்க என்ஜினில் கைவைப்பவர்களுக்கு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் கிடுக்கிப்பிடி போட்டது. 2021 ஜூலை 19 முதல், புகைச் சோதனைக்கு வரும் காரின் கம்ப்யூட்டர் புரோகிராமையும் துருவுகிறார்கள். கம்பெனி போட்ட கணக்கு மாறியிருந்து, அரசு அனுமதியும் இல்லையா? கார் பெயில்! பதிவைப் புதுப்பிக்க முடியாது.

அது என்ன கணக்கு?

1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். சூப்பர்சார்ஜர் என்பது என்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றும் காற்றுப் பம்பு. காற்றை அமுக்கித் திணிக்கும். அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும். குறைந்தால் சிலிண்டருக்குள் 'டக்டக்' என்று தாறுமாறாக வெடிக்கும். பிஸ்டனே ஓட்டையாகிவிடும்!

அதற்குப் பயந்து, முழு வேகத்தில் 12 கிலோ காற்றுக்கே 1 கிலோ பெட்ரோல் என்று கணக்கை மாற்றுகிறார்கள். என்ஜின் பிழைக்கும். ஆனால் அரைகுறையாக எரிந்த பெட்ரோல், கார்பன் மோனாக்சைடு விஷ வாயுவாகக் கிளம்பும். புகையைச் சுத்தம் செய்யும் கருவியோ 14.7-ஐ ஒட்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

சூப்பர்சார்ஜருக்கே தடையா?

இல்லை. சோதித்து, அரசு உத்தரவு எண் பெற்ற சாமான் என்றால் தாராளமாக மாட்டலாம். யாரோ மெக்கானிக் தன் இஷ்டத்துக்கு எழுதிய புரோகிராம்தான் மாட்டுகிறது.

இதில் ஒரு பரிதாபமும் உண்டு. முந்தைய சொந்தக்காரர் செய்த வேலை, பழைய கார் வாங்கிய அப்பாவியின் தலையில் விடியும். பழைய புரோகிராமைத் திரும்ப ஏற்றும் செலவும் அவருக்குத்தான்! அங்கே பழைய கார் வாங்குகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் புகைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதே நல்லது.