மூங்கில் கத்தி

சாமுராய்ப் படங்களைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டே அபிப்பிராயங்கள்தாம் உண்டு. ஒரு சாரார், "கத்திச் சண்டைப் படம்தானே!" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். மறு சாரார், "ஆகா, என்ன வீரம், என்ன எஜமான விசுவாசம்! நம் பையன்களுக்குக் காட்ட வேண்டும், ஐயா!" என்று உருகுவார்கள். முதல் கட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் படம் பார்க்காதவர்கள். பார்த்துவிட்டும் இப்படிப் பேசுகிற இரண்டாவது கட்சியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' 1954-இல் வந்தது. கொள்ளைக்காரர்களுக்கு அஞ்சிய குடியானவர்கள், எஜமானை இழந்து அலையும் வீரர்களைக் காவலுக்கு அமர்த்துகிறார்கள். கூலி என்ன தெரியுமோ? வேளாவேளைக்கு அரிசிச் சோறு. அவர்களுக்கு வெள்ளைச் சோற்றைப் போட்டுவிட்டு, விளைவித்தவன் புன்செய்த் தானியத்தைத் தின்கிறான். படத்தின் உயிர் அந்தச் சோற்றுக் கிண்ணத்தில் இருக்கிறது. ஏழு பேரில் நால்வர் சாகிறார்கள். நால்வரும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலி. கத்தியால் ஒருவர்கூடச் சாகவில்லை! வீரத்தைக் கண்டு உருகுகிறவர்கள் இதை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆதியில் இப்படி இல்லை என்பது வாஸ்தவம். எஜமானுக்காகப் பழி வாங்கிவிட்டு உயிரை விட்ட நாற்பத்தேழு பேரின் கதையை ஊமைப் படக் காலத்திலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்தார்கள். யுத்தத்தின் நடுவில், 1941-42-இல், மிசோகுச்சி அதை இரண்டு பாகமாக எடுத்தார். சர்க்காருக்கு அந்த விசுவாசம் தேவைப்பட்டது. 1945-இல் ஜப்பானைக் கைப்பற்றிய அமெரிக்கர்களோ, அதே விசுவாசத்தையும் பழிவாங்கலையும் கண்டு பயந்து, இந்த மாதிரிக் கதைகளுக்குத் தடை போட்டார்கள். ஒரு கோமாளிச் சுமைகூலியைச் சேர்த்துக் குரோசாவா 1945-இல் எடுத்த படம்கூட 1952 வரை பெட்டியில் கிடந்தது. மெச்சியவர்களும் பயந்தவர்களும் கத்தியை மட்டுமே பார்த்தார்கள்.

கோபயாஷியின் 'ஹராகிரி' (1962) என்ற படத்தைச் சொல்ல வேண்டும். யுத்தத்தில் சிப்பாயாக இருந்தபோது, பதவி உயர்வு வேண்டாமென்று மறுத்த மனிதர் அவர். கதை 1630-இல் நடக்கிறது. வேலை போன ஓர் இளம் சாமுராய் ஒரு பிரபுவின் மாளிகைக்கு வந்து, "உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கௌரவமாகச் சாக அனுமதியுங்கள்" என்கிறான். சாக வரவில்லை, வீட்டில் மனைவிக்கும் குழந்தைக்கும் நோய், நாலு காசு கொடுத்து அனுப்புவார்கள் என்ற நப்பாசை. அவர்களோ, "பேஷாகச் சாகலாம், இப்போதே" என்கிறார்கள். அவன் இடுப்பில் இருப்பது மூங்கில் கத்தி. எஃகை விற்றுச் சாப்பிட்டாயிற்று. அந்த மூங்கிலாலேயே வயிற்றைக் கிழிக்க வைக்கிறார்கள்! பிற்பாடு அவன் மாமனார் வந்து நியாயம் கேட்கிறார்; அவரையும் துப்பாக்கி கொண்டுதான் முடிக்கிறார்கள். விழுந்த தம் ஆட்களையெல்லாம் நோயால் இறந்ததாக மாளிகைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஐயா, இதுதான் நீங்கள் சொன்ன எஜமான விசுவாசம்.

கத்தி உறையை விட்டு வரும்போது நானும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறேன், பொய் சொல்வானேன்? ஆனால் அந்தக் கத்தியை அடகு வைக்காமல் காப்பாற்ற அவன் என்ன பாடுபட்டான் என்று அதற்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நாற்பது வருஷம் கழித்து, 2002-இல் யோஜி யமதா எடுத்த 'அந்திச் சாமுராய்' படத்திலும் அதே மூங்கில் வருகிறது. கதாநாயகன் ஐம்பது கோக்கு அரிசிச் சம்பளத்தில் உழலும் பண்டகசாலைக் குமாஸ்தா. கோக்கு என்பது ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும் என்று போட்ட அளவு. அந்த ஐம்பதிலும் கடனுக்குப் பிடித்தது போகக் கொஞ்சம்தான் கைக்கு வரும். மனைவியின் ஈமச் சடங்குக்காகக் கத்தியை விற்றுவிட்டான். மேலிடத்து உத்தரவுப்படி ஒருவனைக் கொல்லப் போகிறவன், முதலில் அவன் எதிரே உட்கார்ந்து குடும்பக் கஷ்டம் பேசுகிறான். அவனும் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவன். இவனிடம் இருப்பது மூங்கில் கத்தி என்று தெரிந்ததும்தான் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது.

இதைப் பையன்களுக்குக் காட்டுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.