உருமாறும் நாயகிக்குச் சீட்டுக்கட்டு

மார்வெல் சாம்பியன்ஸ் சீட்டாட்டத்தில் ஒவ்வொரு நாயகருக்கும் இருபக்கச் சீட்டு ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஹீரோ. மறுபக்கம் வேலைக்குப் போய்வரும் சாதாரண மனிதர். தன் முறையில் ஒரு தடவை அதைத் திருப்பலாம். ஹீரோவாக நின்றால் வில்லன் தாக்குவான். சாதாரண மனிதராக நின்றால் சதித்திட்டத்தை முன்னே நகர்த்துவான். ஒருவர் முதல் நால்வர் வரை ஒரே அணியாக ஆடும் இந்த ஆட்டத்தை ஃபேன்டஸி ஃப்ளைட் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. கட்டில் 40 முதல் 50 சீட்டுகள் இருக்கலாம். அவற்றில் 15 நாயகருக்கே உரியவை, மாற்ற முடியாதவை. அடுக்குபவரின் திறமை தெரிவது மீதிச் சீட்டுகளில்தான். சிறந்த சீட்டு விரைவில் கைக்கு வர 40உடன் நிறுத்துவதே நல்லது.

உருமாற்றத்தைப் படிக்க ஷீ-ஹல்க்கைவிடப் பொருத்தமான நாயகி இல்லை. பச்சை உருவில் தாக்குதல் 3, கைச்சீட்டு 4. வக்கீல் ஜெனிஃபர் வால்டர்ஸாக இருக்கும்போது கைச்சீட்டு 6, குணமடைதல் 5. பச்சை உருவுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஓர் எதிரிக்கு 2 சேதம். வக்கீலாகவோ, சுற்றுக்கு ஒரு முறை சதியில் ஏறவிருக்கும் ஒரு புள்ளியைத் தடுத்துவிடுவார்.

புதியவர்கள் அடி வாங்கியதும் முறையின் தொடக்கத்திலேயே திருப்பிவிடுகிறார்கள். அதில் ஒரு தாக்குதல் வீணாகிறது. முதலில் தாக்கி, கைச்சீட்டுகளைச் செலவழித்து, கடைசியில் திருப்ப வேண்டும். கை நிரப்பப்படுவது அதற்குப் பிறகுதான். அப்போது வக்கீலின் கணக்கில் ஆறு சீட்டு கிடைக்கும். அடுத்த முறை பச்சை உருவுக்குத் திரும்பினால் 2 சேதம், சாயாத (இன்னும் செயல்படாத) நாயகி, கை நிறையச் சீட்டு. உடல்நலம் தேற வேண்டுமென்றால் மட்டும், வக்கீலாக இருக்கும்போதே, பச்சை உருவுக்குத் திருப்புவதற்கு முன் சீட்டைச் சாய்த்துக் குணமடையலாம். அந்தச் சுற்றில் தாக்குதல் போய்விடும். ஸ்பிளிட் பெர்சனாலிட்டி வந்தால் ஒரே முறையில் இரண்டாம் தடவையும் உருமாறலாம், கையையும் நிரப்பிக்கொள்ளலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு சீட்டுக்கு விலையாகக் கொடுப்பது பெரிய தவறு. வாங்கிய காயத்தின் அளவுக்கே அடிக்கும் காமா ஸ்லாமை நம்பிக் காயத்தோடு நிற்பவர்கள் உண்டு. அது கடைசி அடிக்கு மட்டும் பொருந்தும். கட்டையே அதன்மேல் எழுப்பக் கூடாது.

சண்டை நிகழ்வுச் சீட்டுகளில் பெரும்பாலானவை ஹீரோ உருவில் மட்டுமே செல்லும். வக்கீலாக இருக்கும் முறையில் அவை சும்மா கிடக்கும். துணைவர் சீட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை. நாயகி எந்த உருவில் இருந்தாலும் அவர்கள் தாக்குவார்கள், சதியைக் குறைப்பார்கள். சதி குறைக்கும் திறன் ஷீ-ஹல்க்குக்கு 1 மட்டுமே என்பதால், துணைவர்களைத் தாராளமாகச் சேர்த்து, சதியைக் குறைக்கும் நீதிப் பிரிவில் மீதியை எடுப்பது தகும். தாக்குதலுக்கான ஆவேசப் பிரிவு கவர்ச்சியானது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் பலத்தையே இரட்டிப்பாக்கி, ஓட்டையை அப்படியே விட்டுவிடும். சதிக்கு ஈடு கொடுக்கும் கூட்டாளி உடன் இருந்தால் மட்டும் அதை எடுக்கலாம்.

கூட்டாளியைக் கேட்காமல் கட்டு அடுக்குவதில் பயனில்லை. வில்லன் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு முறை செயல்படுவான். இருவரும் ஒரே சுற்றில் சாதாரண மனிதராக நின்றால் சதி இரண்டு தடவை ஏறும். ஆகவே திருப்பலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர்த் தெருக்களில் கேரம் இரட்டையர் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல: எதிரே அமர்ந்திருக்கும் கூட்டாளியின் அடுத்த ஸ்ட்ரைக்கருக்குக் காயை விட்டுவைப்பதுதான் அங்கேயும் பாடம். 2024 கேரம் உலகக் கோப்பையில் வடசென்னை வீராங்கனை காசிமா வென்ற மூன்று தங்கங்களில் ஒன்று இரட்டையர் பிரிவில் வந்தது. கேரமில் கூட்டாளியிடம் பேசித் திட்டமிட முடியாது. சாம்பியன்ஸில் பேசலாம்; பேசியே ஆட வேண்டும்.

இன்னொன்று, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நீளும் கரையோர ஆட்டக்காரர்களுக்கு. ஈரக்காற்றில் சீட்டு வளையும். வளைந்த சீட்டு கட்டுக்குள் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றுக்கும் உறை போட வேண்டும். ஓயாமல் திருப்பப்படும் நாயகர் சீட்டுக்கு இருபுறமும் தெளிவாகத் தெரியும் உறை தேவை. முதுகுப்புறம் நிறம் பூசிய உறை அதற்கு உதவாது.