இன்வெர்ட்டரில் ரூம் ஹீட்டர் ஓடுமா?

கேள்வி: ‘‘உறைபனி நேரத்தில் கரன்ட் போனால், இன்வெர்ட்டரில் ரூம் ஹீட்டர் போடலாமா? இல்லையென்றால், கரி அடுப்பை அறைக்குள் வைக்கலாமா?’’
- வாசகி, கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பதில்: இரண்டுமே வேண்டாம். ஹீட்டருக்கு 1,500 முதல் 2,000 வாட் தேவை. வீட்டுக்கு வைக்கும் சாதாரண இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. பெரிய இன்வெர்ட்டராக இருந்தாலும், 12 வோல்ட், 150 ஏ.ஹெச் பேட்டரி ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அதை விளக்குக்கும் செல்போனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2024-ல் கொடைக்கானலில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் இறந்தார்கள்.

புகைபோக்கியுள்ள விறகடுப்பில் வெந்நீர் போட்டு, ரப்பர் பையில் ஊற்றிக் கம்பளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கரிப் புகையால் தலைவலி, குமட்டல் வந்தால், உடனே வெளியே வந்து 108-ஐ அழையுங்கள்.